ஆட்டோவை ப்ரொபெல் செய்வது யார்?

போன வாரம் ஒரு சாயங்காலம். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரையில் சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது, கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது, டியூஷன் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரே எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து ஆங்கில வினைச்சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஏழாவது சொல் ப்ரொபெல்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டினாள். கேரளப் பக்கத்து ஆரியங்காவிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னை ‘டீச்சர்’ என்பார்கள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் ‘மிஸ்’. அவள் எழுதியிருந்தது இது: “மை ஃபாதர் ப்ரொபெல்ஸ் அன் ஆட்டோ.” நான் யோசிக்காமலே சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிட்டேன்.

“ஏன் டீச்சர் தப்பு? டிக்‌ஷனரில ‘முன்னோக்கிச் செலுத்து’ன்னுதான இருக்கு? எங்கப்பா ஆட்டோவ முன்னாலதான செலுத்துறாரு?”

என்னிடம் உடனே பதில் இல்லை. எழுவாய் இருக்கிறது, வினை சரியான வடிவத்தில் இருக்கிறது, செயப்படுபொருளும் இருக்கிறது. இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அப்படி எழுத மாட்டார் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஏன் எழுத மாட்டார்? நான் படித்த பள்ளியில் இதே மாதிரிக் கேள்வி கேட்டபோது, “அப்படிச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான், போய் உட்காரு” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதில் இன்று வரை எனக்கு உறுத்துகிறது. அதே பதிலை இந்தப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. “நாளைக்குச் சொல்றேம்மா, எனக்கே யோசிக்கணும்” என்றேன். அன்று ராத்திரியும் அதற்கு அடுத்த சில நாட்களும் யோசித்ததும், பிள்ளைகளோடு பேசிப் பேசிக் கண்டுபிடித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் சிக்கல் தமிழ்ப் பக்கத்தில்தான் இருந்தது. ‘செலுத்து’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடைத்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். வாகனத்தைச் செலுத்துகிறோம், கட்டணத்தைச் செலுத்துகிறோம், காணிக்கை செலுத்துகிறோம், தடுப்பூசி செலுத்துகிறோம், படிப்பில் கவனம் செலுத்துகிறோம். அகராதியில் ‘முன்னோக்கிச் செலுத்து’ என்று படித்த பிள்ளைக்கு, ஸ்டியரிங் பிடிப்பதும் பின்னாலிருந்து தள்ளுவதும் ஒன்றாகத்தான் தெரியும். அவள் மேல் தப்பே இல்லை.

சரி, அப்படியானால் ப்ரொபெல் என்றால் என்ன? இதற்குப் பதில் எங்கள் ஊர் தண்டவாளத்திலேயே கிடக்கிறது என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது.

கொல்லம் செங்கோட்டை ரயில் பாதை 1904இல் வந்தது. அப்போது அது மீட்டர் கேஜ். புனலூரிலிருந்து தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு வரும் பகுதி முழுக்க மலை. குகைகள், வளைவுகள், கழுதுருட்டி பக்கத்தில் ரோட்டை ஒட்டியே நிற்கும் பதிமூன்று கண் பாலம் என்று, ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட பாதை அது. 2010இல் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள், மறுபடி முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் எங்கள் ஊர்க்காரர்கள் மலை தாண்ட பஸ்ஸையே நம்பிக் கிடந்தார்கள், அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த மலை ஏற்றத்தில் ஒரு இன்ஜின் போதாது. முன்னால் ஒரு இன்ஜின் இழுக்கும், ரயிலின் வாலில் இன்னொரு இன்ஜினைக் கோத்துவிடுவார்கள், அது பின்னாலிருந்து தள்ளும். பேங்கர் இன்ஜின் என்பார்கள். சின்ன வயதில் பகவதிபுரம் ஸ்டேஷன் பக்கம் நின்று ரயில் பார்க்கும்போது எனக்கு முன் இன்ஜினை விட அந்தப் பின் இன்ஜின்தான் பிடிக்கும். எல்லாப் பெட்டியும் போன பிறகு கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் எதுவென்றால், இரயில்வே ஆங்கிலத்தில் இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பெயரே ‘ப்ரொபெல்லிங்’தான். முன்னால் நின்று இழுத்தால் அது ‘ஹாலிங்’. ஆக, முன் இன்ஜின் ‘புல்ஸ் தி ட்ரெயின்’, பின் இன்ஜின் ‘ப்ரொபெல்ஸ் தி ட்ரெயின்’. ஊட்டி மலை ரயிலில் இதை இன்னும் சுத்தமாகப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் இன்ஜின் முன்னால் இருக்கவே இருக்காது, பின்னால் நின்று மொத்த ரயிலையும் மேலே தள்ளும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம், பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும் அளவுக்கு இருக்கும் செங்குத்து. பெட்டிகள் பின்னுக்கு உருண்டுவிடாமல் இன்ஜினே கீழ்ப்பக்கம் நின்று தாங்கிக்கொள்கிறது. ரயிலை ஓட்டுகிறவர் வாலில் இருக்கிறார், பாதையைப் பார்க்கிறவர் முன் பெட்டியின் மேடையில் கொடியோடு நிற்கிறார்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பிள்ளையின் கேள்விக்குப் பதிலே இருக்கிறது. பார்க்கிறதும் திருப்புகிறதும் வேறு வேலை, தள்ளுகிற வலுவைக் கொடுப்பது வேறு வேலை. ‘டிரைவ்’ என்றால் இரண்டும் கலந்து வரலாம், பெரும்பாலும் கட்டுப்படுத்துகிற ஆள் உள்ளே இருக்கிறார். ‘ப்ரொபெல்’ என்றால் வலு மட்டும்தான் கணக்கு. எது நகர்த்துகிறதோ அதுதான் எழுவாய். அங்கே மனிதரும் இருக்கலாம், துடுப்பு போடுகிறவர் படகை ப்ரொபெல் செய்கிறார், ஏனென்றால் வலுவே அவருடைய தோளிலிருந்து வருகிறது. ஆட்டோ ஓட்டுகிறவரின் தோளிலிருந்து ஆட்டோவுக்கு வலு வருவதில்லை.

இதை அப்படியே மறுநாள் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அப்ப ஆட்டோவுல இன்ஜின்தான டீச்சர் ப்ரொபெல் பண்ணுது, எங்கப்பா டிரைவ்தான பண்ணுறாரு? இன்ஜினும் பின் சீட்டுக்குப் பின்னாலதான இருக்கு!” என்றாள். எனக்கு அந்தப் பின்சீட்டு இன்ஜின் ஞாபகத்துக்கே வரவில்லை. தினமும் அந்த ஆட்டோவைத் துடைத்துக் கொடுக்கிற பிள்ளைக்கு வந்தது. “தி இன்ஜின் அட் தி பேக் ப்ரொபெல்ஸ் மை ஃபாதர்ஸ் ஆட்டோ” என்று எழுதினாள். நல்ல வாக்கியம், எந்த அகராதியிலும் போடலாம்.

சரி, இனி வாக்கியம் அமைப்பதைப் பற்றி. எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு தப்புச் செய்தார்கள், அந்தத் தப்புகள் எல்லாம் நம் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் எழுதுகிறேன்.

ஒரு பையன் எழுதியது: “தி போட் ப்ரொபெல்ட் டு தி ஷோர்.” படகு கரைக்குப் போனது என்று சொல்ல நினைத்திருக்கிறான். ப்ரொபெல் தானாக நிற்காது, அதற்கு யாரை, எதை என்ற பொருள் வேண்டும். தமிழில் ‘நகர்ந்தது’, ‘நகர்த்தியது’ என்று இரண்டு வடிவம் வைத்திருக்கிறோம் அல்லவா, ப்ரொபெல் எப்போதும் ‘நகர்த்தியது’ பக்கம்தான். அதனால் ஒன்று, “தி விண்ட் ப்ரொபெல்ட் தி போட் டு தி ஷோர்” என்று காற்றை எழுவாயாக்க வேண்டும், அல்லது “தி போட் வாஸ் ப்ரொபெல்ட் டு தி ஷோர் பை தி விண்ட்” என்று செயப்பாட்டுவினையில் போக வேண்டும். செயப்பாட்டுவினை இந்தச் சொல்லுக்கு மிகவும் பொருந்தும், பத்திரிகைகளில் பாதிக்கு மேல் ‘ப்ரொபெல்ட் பை’ என்றுதான் கண்ணில் படுகிறது என்பது என் வாசிப்பு அனுபவம். பிள்ளைகளிடம் நான் சொன்ன குறுக்கு வழி: தமிழில் முதலில் ‘எது எதைத் தள்ளியது’ என்று கேட்டுக்கொள், இரண்டு ‘எது’வுக்கும் பதில் இருந்தால் மட்டும் எழுது.

எழுத்துக்கூட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. ப்ரொபெல் என்று தனியாக எழுதும்போது கடைசியில் ஒரு ‘எல்’. ப்ரொபெல்ட், ப்ரொபெல்லிங், ப்ரொபெல்லர் என்று நீளும்போது இரண்டு ‘எல்’. காரணம் உச்சரிப்பில் இருக்கிறது, அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, ‘பெல்’லில். ‘ரெஃபர்’ என்பது ‘ரெஃபர்ட்’ ஆகும்போது ‘ஆர்’ இரட்டிப்பதும், ‘ஓபன்’ என்பது ‘ஓபன்ட்’ ஆகும்போது ‘என்’ இரட்டிக்காததும் இதே காரணத்தால்தான். ‘ட்ராவல்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் ஒரு ‘எல்’லோடும் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு ‘எல்’லோடும் நீட்டுவார்கள், ஆனால் ப்ரொபெல்ட் விஷயத்தில் இருவருக்கும் சண்டை இல்லை.

இன்னொரு பையன் எழுதியது இன்னும் சுவாரசியம். “மை அங்கிள் ப்ரொபெல்ட் மீ டு சைன்.” மாமா கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார் என்று பொருள் வைத்திருக்கிறான். அவன் தேடியது ‘கம்பெல்’. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இந்தச் சொல் குடும்பத்தையே போர்டில் எழுதினேன், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்த குடும்பம். இவற்றுக்கெல்லாம் வேர் லத்தீன். ‘பெல்லெரே’ என்றால் விரட்டு, செலுத்து, தள்ளு. ‘ப்ரோ’ என்றால் முன்னே, ஆகவே ப்ரொபெல் முன்னே தள்ளுவது. ‘எக்ஸ்’ வெளியே, அதனால் எக்ஸ்பெல், பள்ளியை விட்டு வெளியேற்றுவது. ‘ரீ’ பின்னே, அதனால் ரிபெல், கொசுவை விரட்டும் மருந்து ரிபெல்லன்ட் ஆனது அப்படித்தான். ‘டிஸ்பெல்’ என்றால் சிதறடிப்பது, சந்தேகத்தையும் பயத்தையும் டிஸ்பெல் செய்கிறோம். ‘கம்’ என்றால் ஒன்றாக, ஆகவே கம்பெல் ஒன்றாகச் சேர்த்து விரட்டுவது, அதனால்தான் அது கட்டாயம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் ‘பல்ஸ்’ கூட இதே வேர்தான், இதயம் தள்ளுகிற இரத்தத்தின் துடிப்பு. (பருப்பு வகைகளைச் சொல்லும் ‘பல்ஸ்’ வேறு வேரிலிருந்து வந்தது, எழுத்து மட்டும் ஒன்று. இதைக் கேட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள்.)

வேரைச் சொன்னதும் ஒருத்தி சரியாகக் கேட்டாள்: “ப்ரோன்னாலே முன்னாலதான மிஸ், அப்புறம் எதுக்கு ‘ப்ரொபெல் ஃபார்வர்டு’ன்னு எழுதுறாங்க?” நியாயமான கேள்வி. நடுச்சென்டர் என்று நாம் சொல்கிற மாதிரிதான். கண்டிப்பானவர்கள் ‘ஃபார்வர்டு’ வேண்டாம் என்பார்கள், ஆனால் நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள், நான் அதற்கு மார்க் குறைக்க மாட்டேன். ஆனால் திசை மாறினால் திசையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலே என்றால் ‘அப்வர்டு’, காற்றுக்குள் என்றால் ‘இன்டு தி ஏர்’, முதலிடத்துக்கு என்றால் ‘டு தி டாப்’. ப்ரொபெல்லுக்குப் பிறகு ‘எங்கே’ என்ற பதில் வந்தால் வாக்கியம் நிறைவாக நிற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலம். எனக்கு உண்மையில் சொல்ல ஆசையாக இருப்பது இனிமேல்தான்.

ப்ரொபெல்லுக்குத் தமிழில் நேர்ச் சொல் ‘உந்து’. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, புளியரைப் பிள்ளைகள் “அது ராக்கெட்டுக்குத்தான மிஸ், உந்துவிசை” என்றார்கள். அவர்களுக்கு அது அறிவியல் பாடத்துச் சொல். ஆரியங்காவுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மலையாளத்தில் ‘உந்து’ அன்றாடம் புழங்கும் சொல். தள்ளுவண்டியை அவர்கள் ‘உந்துவண்டி’ என்பார்கள். கூட்டத்தில் இடிபட்டால் ‘உந்தும் தள்ளும்’. என் ஆச்சி புனலூர்க்காரி. மாட்டுவண்டி சகதியில் சிக்கினால் வீட்டு ஆம்பளைகளைக் கூப்பிட்டு “எல்லாரும் பின்னால நின்னு ஒண்ணா உந்துங்கடே” என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது, மாநிலம் பிரித்தபோதுதான் இந்தப் பக்கம் வந்தோம். மாநிலக் கோடு வந்த பிறகும் சொற்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன. தமிழில் பாடப்புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஒரு சொல், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னும் தெருவில் வண்டி தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

ஆனால் தமிழிலும் அது தெருவில்தான் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. “நீங்க இறங்கி ஏறுற இடத்துல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன். பேருந்து நிலையம். பெரிய உந்து, பேருந்து. மினி பஸ் சிற்றுந்து, கார் மகிழுந்து, லாரி சரக்குந்து. இலங்கைத் தமிழர்கள் ரயிலைத் தொடருந்து என்றும், மோட்டார் சைக்கிளை உந்துருளி என்றும் எழுதுகிறார்கள். தினமும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு ப்ரொபெல்லுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருக்கிறோம்! ஆரியங்காவுப் பிள்ளை அந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டாள்.

‘தள்ளு’ என்று மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்கலாம். வண்டிக்குப் போதும், மற்றதற்குப் போதாது. தமிழில் தள்ளு பெரும்பாலும் நல்ல இடத்துக்குப் போவதில்லை. வறுமையில் தள்ளியது, சிறையில் தள்ளினார்கள், பள்ளத்தில் தள்ளிவிட்டான், ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள், மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். மலையாளத்தில் இப்போது ‘தள்ளு’ என்றால் பீலா விடுவது என்றே ஆகிவிட்டது. உந்துதலுக்கு அந்தக் கறை இல்லை. ‘அவங்கதான் எனக்கு உந்துசக்தி’ என்று அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம், ‘தள்ளுசக்தி’ என்று யாரும் சொல்வதில்லை.

செய்தித்தாளில் வரும் ப்ரொபெல் பெரும்பாலும் இந்த மாதிரி உருவகமாகத்தான் வரும். 2011 ஏப்ரல் 2, மும்பையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இலங்கை 274, நமக்கு கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91, இந்தியா 4 விக்கெட்டுக்கு 277. ஆங்கிலத்தில் இதை எழுதச் சொன்னால், “கம்பீர்ஸ் 97 அண்ட் தோனிஸ் அன்பீட்டன் 91 ப்ரொபெல்ட் இந்தியா டு விக்டரி” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எழுவாயைக் கவனியுங்கள், ஆள் இல்லை, அவர்கள் எடுத்த ரன். இதைத் தமிழில் ‘97 ரன்கள் இந்தியாவை வெற்றிக்குத் தள்ளின’ என்று எழுதினால் காதில் இடிக்கிறது. நாம் ‘வெற்றியைத் தேடித் தந்தன’ என்போம். ஆகவே ப்ரொபெல்லை எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லால் அடைக்கப் பார்க்காதீர்கள். புகழுக்குப் போனால் ‘உச்சிக்குக் கொண்டுபோனது’, வெற்றிக்குப் போனால் ‘தேடித் தந்தது’, நாட்டைப் போருக்குக் கொண்டுபோனால் அங்கே ‘தள்ளியது’ என்பதே சரி. சொல் ஒன்று, அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து நாம் வினையை மாற்றிக்கொள்கிறோம்.

ராக்கெட் பற்றிச் சொல்லாமல் இந்தச் சொல்லை முடிக்க முடியாது, அதுவும் எங்கள் மாவட்டப் பக்கத்திலிருந்துகொண்டு. பணகுடிக்கு மேலே மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் ப்ரொபல்ஷன் காம்ப்ளெக்ஸ் இருக்கிறது, விகாஸ் இன்ஜினையும் கிரயோஜெனிக் இன்ஜினையும் அங்கேதான் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வலியமலையில் இதே வேலைக்கான திரவ இயக்க மையம். அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கமும் ப்ரொபல்ஷன் என்ற பெயர்ப் பலகை. ஒரு பையன் கேட்டான், “மேல ஒண்ணுமே இல்லாத இடத்துல ராக்கெட்ட எது மிஸ் பின்னால நின்னு தள்ளும்?” பலூனை ஊதிக் கையை விட்டுக் காட்டினேன். காற்று ஒரு பக்கம் வெளியேறும், பலூன் எதிர்ப்பக்கம் ஓடும். நியூட்டனின் மூன்றாம் விதி. நம் சொல் குடும்பத்தின் இரண்டு பேர் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும் இடம் இது: “பை எக்ஸ்பெல்லிங் ஹாட் கேஸ், எ ராக்கெட் ப்ரொபெல்ஸ் இட்ஸெல்ஃப்.” வெளியே தள்ளுவதால் தன்னை முன்னே தள்ளிக்கொள்கிறது. இந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சந்திரயான்-3இல் ஒரு ப்ரொபல்ஷன் மாட்யூல் இருந்தது பலருக்கு நினைவிருக்காது. 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கியது லேண்டர்தான், டிவியில் எல்லோரும் பார்த்ததும் அதைத்தான். அந்த லேண்டரை நிலவின் சுற்றுப்பாதை வரைக்கும் கொண்டுபோனது உந்துகலன். ஆகஸ்ட் 17இல் லேண்டரை விட்டுவிட்டு அது சுற்றுப்பாதையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மலை ஏறி முடித்ததும் ரயிலிலிருந்து கழற்றிவிடும் பேங்கர் இன்ஜினைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அது ரொம்பத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

‘ஸெல்ஃப்-ப்ரொபெல்ட்’ என்ற கூட்டுச்சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் இழுக்காமல் தன் இன்ஜினாலேயே வயலில் நகரும் நெல் அறுவடை இயந்திரம் ஸெல்ஃப்-ப்ரொபெல்ட். விபத்து நடந்த இடத்துக்கு இன்ஜின் கோக்காமலே ஓடும் நிவாரண ரயிலுக்கும் இரயில்வேயில் இதே பெயர்தான். இதைத் ‘தானியங்கி’ என்று மொழிபெயர்ப்பது தவறு. தானியங்கி என்றால் ஆள் இல்லாமல் இயங்குவது, அறுவடை இயந்திரத்தில் ஆள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். மறுபடியும் அதே ஆட்டோ கதைதான், ஓட்டுகிறவர் வேறு, உந்துவது வேறு.

ப்ரொபெல்லர் என்றதும் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகளைக் காட்டினார்கள். மூன்று இறக்கையும் சுழல்வதால் அப்படித் தோன்றுகிறது, ஆனால் அது ப்ரொபெல்லர் இல்லை. கப்பலின் ப்ரொபெல்லர் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிறது. காற்றாலையைக் காற்று சுழற்றுகிறது. வலு போகிற திசையே தலைகீழ். காற்றாலை இறக்கைக்கு ‘பிளேடு’ என்றே எழுதுங்கள்.

நேற்று மறுபடி அதே பயிற்சி வைத்தேன். ப்ரொபெல் மட்டும், ஆளுக்கு இரண்டு வாக்கியம். இந்த முறை யாரும் டிக்‌ஷனரியைத் திறக்கவில்லை. வள்ளங்களி, அதாவது கேரளத்துப் படகுப் போட்டி, பார்த்த பையன் துழைக்காரர்களை வைத்து எழுதினான் (துடுப்பை மலையாளத்தில் துழ என்பார்கள், நம் ‘துழாவு’ அங்கே பெயர்ச்சொல்லாக இருக்கிறது). மாமா கையெழுத்து வாங்கிய பையன் கம்பெல்லையும் ப்ரொபெல்லையும் சேர்த்தே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினான், இரண்டும் சரி. ஆட்டோக்காரர் மகள் இரண்டாவது வாக்கியத்தை முடிக்காமல் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆரியங்காவுக் கணவாய்க் காற்று திரும்பவும் கிளம்பி, ஜன்னல் ஓரத்து நோட்டுகள் எல்லாம் நனைய ஆரம்பித்தன. அவள் குனிந்து எழுதினாள்: “தி விண்ட் ஃப்ரம் அவர் சைட் ப்ரொபெல்ஸ் தி சாரல் இன்டு டீச்சர்ஸ் ஹவுஸ்.” சாரலுக்கு ஆங்கிலம் கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.